கம்பம் நட்ட ஊரும் கல்யாண வீட்டு எல்லையும்

அனுப்புவது: தங்கவேலு, இடைக்காடு (கிராமத்தின் பெயர் கடிதத்துக்குள் விளக்கப்பட்டுள்ளது)
வைகாசி, 2009

மரியாதைக்குரிய சம்பந்தி நாச்சிமுத்து அவர்களுக்கு, தங்கவேலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி மருதாளும் மகள் தேவிப்பிரியாவும் நலம். உடுமலைப்பேட்டையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் தென்னைகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மாப்பிள்ளை பூபாலன் டாக்காவிலிருந்து விடுப்பில் வந்து சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி.

நேற்று போனில், "கல்யாணம் நடக்குமுங்களா, நடக்காதுங்களா? ஒரே வார்த்தைல சொல்லிப் போடுங்க" என்று கேட்டீர்கள். நடக்கும். எந்த ஊரில் என்பதற்குத்தான் ஒரு வார்த்தை போதவில்லை. கிழக்கிந்தியக் கும்பினி காலத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

திப்பு சுல்தான் வீழ்ந்த பின் இந்தப் பக்கம் குதிரையில் வந்த ஒரு துரை, வடக்கே உள்ள வேலாங்காட்டுப் புதூருக்கும் தெற்கே உள்ள ஊஞ்சப்பாளையத்துக்கும் நடுவில் ஓடும் பள்ளமே (ஓடைக்கு இங்கே அதுதான் பெயர்) எல்லை என்று உடன்படிக்கை எழுதி, இரு ஊர்ப் பெரியவர்களிடமும் கையெழுத்து வாங்கினார். பள்ளத்திடம் வாங்கவில்லை. அது அடுத்து வந்த பெருமழையில் தெற்கே நகர்ந்துவிட்டது. பள்ளத்தையே பார்க்காத ஒருவர் உடன்படிக்கையைப் பார்த்து முதல் வரைபடத்தைப் போட்டார். உடன்படிக்கையைப் பார்க்காத ஒருவர் பள்ளத்தைப் பார்த்து இரண்டாவதைப் போட்டார். இரண்டிலும் முத்திரை உண்டு. பழைய பள்ளத்துக்கும் புதிய பள்ளத்துக்கும் இடையில் சிக்கிய நிலம்தான் எங்கள் இடைக்காடு. முதல் வரைபடப்படி அது பாளையம், இரண்டாவதின்படி புதூர். லண்டனிலிருந்து வந்த ஒரு வக்கீல் ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார் என்று படித்திருக்கிறேன். எங்களுக்கு அந்த ஐந்து வாரம்கூட யாரும் ஒதுக்கவில்லை. தான் வேலை பார்க்கும் நாட்டுக்குள் நம் நாட்டுத் துண்டுகளும், நம் நாட்டுக்குள் அவர்களுடைய துண்டுகளும் கிடப்பதாக மாப்பிள்ளை நிச்சயதார்த்தத்தன்று சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது அங்கே குடியிருப்பவர் எவருக்காவது ஆறுதல் கடிதம் எழுதலாமா என்றிருக்கிறது.

இடைக்காட்டில் வேலமுள் மட்டும் முளைத்த காலத்தில் இரு ஊரும் அதைப் பெருந்தன்மையோடு ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தன. பனியன் கம்பெனி ஷெட்டுகள் முளைத்ததும் இரண்டுக்கும் சரித்திர ஆர்வம் வந்துவிட்டது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் இரண்டாவது வரைபடத்தின் பிரதியை வாங்கி, என் வீடு புதூரைச் சேர்ந்ததே என்று கோயில் கூட்டத்தில் நிரூபித்தேன். மாலை போட்டார்கள். முதல் வரைபடம் பொய் என்று வந்த கலெக்டர்களுக்கெல்லாம் மனுப் போட்டேன். பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமானதும், புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் முன்பே அங்கேயும் ஒன்று கொடுத்தேன்.

பங்குனியில் முடிந்திருக்க வேண்டிய புதூர் மாரியம்மன் நோம்பித் திருவிழா, தேர்தல் வந்ததால் வைகாசிக்குத் தள்ளிப்போனது. போன செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். அதன்பின் நடப்பது தாங்கள் அறிந்ததே: கம்பத்தைப் பிடுங்கும்வரை எல்லைக்குள் கல்யாணம் கூடாது, இரவு எல்லை தாண்டித் தங்கக் கூடாது, அடுப்பில் எதையும் தாளிக்கவும் கூடாது. மறுநாள் காலையில் புதூர்ப் பெரியதனக்காரர் ஆத்தப்பன் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, பந்தக்கால் நடறீங்களாமா? கம்பம் நிக்கையில ஊருக்குள்ள கெட்டிமேளம் கொட்டுனா ஆத்தா சும்மா இருப்பாளுங்களா?"

"என் வீடு ஊருக்குள் இல்லையென்றால்?" என்றேன்.

"இல்லீன்னு ஆருங்க சொன்னது? இருக்குதுன்னு மேப்பைத் தூக்கிட்டு வந்து கோயல்ல நின்னது நீங்கதானுங்களே!"

நோம்பி முடிவதற்குள் மாப்பிள்ளையின் விடுப்பு முடிந்துவிடும். டாக்காக் கம்பெனி அதற்குமேல் தை மாதத்தில்தான் விடுப்புக் கொடுக்கும். மருதாள் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்க்கும் தேவிப்பிரியா இரண்டு வரைபடங்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டுமே ரிஜெக்ட்டுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தை எழுத விரும்பவில்லை.

ஆகவே முதல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பாளையத்துப் பெரியதனக்காரர் வெள்ளையனிடம் போனேன்.

"வாங்க சாமி, வாங்க. இத்தனை வருசங்களிச்சு நம்மூட்டுக்குத் தடம் தெரிஞ்சுதுங்களா?" என்றவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "இது பொய் மேப்புன்னு கலெக்டருக்கு எழுதிப் போட்டவரு ஆருங்க?"

"ஆய்வு வளர வளரக் கருத்து மாறும்" என்றேன்.

"நல்லா வளந்திருக்குதுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பாளையத்து ஆட்கள் வந்து என் வாசலில் பந்தக்காலை நட்டார்கள். புதூர் ஆட்கள் வந்து பிடுங்கினார்கள். அவர்கள் மறுபடி நட்டார்கள், இவர்கள் மறுபடி பிடுங்கினார்கள். பந்தல்காரர், "எந்த ஊரோ போகட்டும், குழியை மட்டும் மூடிப் போடாதீங்க" என்று கெஞ்சினார். ஆத்தப்பனும் வெள்ளையனும் ஆளுக்கொரு பக்கமிருந்து மூங்கிலைப் பிடித்து நின்றார்கள். நான் நடுவில் நின்று துரையின் உடன்படிக்கையை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அது நிலைமையை மேலும் மோசமாக்கியது.

அப்போது மருதாள் எழுந்தாள். வாசலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி வாணலியை வைத்தாள். "இவரு போய்ச் சொல்லிட்டு வந்துட்டாரு. நா இப்பப் பாளையத்துக்காரி. தாளிப்பேன்" என்று எண்ணெயை ஊற்றினாள். கடுகு வெடித்தது. வரமிளகாயும் கறிவேப்பிலையும் விழுந்தன. சின்ன வெங்காயம் சிவந்து, மஞ்சள் பூசணித் துண்டுகள் விழும்போது, கம்பம் நட்ட நாளிலிருந்து தாளிக்காத சாற்றைக் குடித்து வந்த புதூர் மக்கள் மூங்கிலை மறந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

"ஏனுங்கம்மா," என்றார் ஆத்தப்பன், "அரசாணிக்காய்ப் பொரியலுங்களா?"

"ஆமாங்ண்ணா. கல்யாணத்துக்கும் இதேதானுங்க. ஆனா நீங்க நிக்கறது புதூராச்சே, உங்களுக்கு எப்படிங்க போடறது?"

ஆத்தப்பன் தம் காலடி மண்ணைப் பார்த்தார். பிறகு என்னிடம் கை நீட்டி அந்தப் பழைய வரைபடத்தை வாங்கி, வெகுநேரம் படித்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்பதை நான் சொல்லவில்லை. "கோடு சுத்தமா இருக்குதுங்க. இந்தக் கோட்டைப் போட்டவன் பொய் சொல்லியிருக்க மாட்டான்" என்றார்.

அங்கேயே ஒப்பந்தமாயிற்று. கம்பம் பிடுங்கும்வரை இடைக்காடு பாளையத்தைச் சேர்ந்தது. அதன்பின் இரு ஊரும் பழையபடி சண்டை போட்டுக்கொள்ளலாம், உரிமை எதுவும் பாதிக்கப்படாது. எல்லைக்கு அடையாளமான வேப்பிலைத் தோரணத்தை என் வீட்டுக்கு வடக்கே கட்டிவிட வேண்டியது. இரு ஊராரும் தோரணத்துக்குத் தெற்கே ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தேவிப்பிரியா கதவைத் திறந்து வந்து பரிமாறினாள். வெள்ளையன் மூன்றாம் முறை வாங்கும்போது, "ஆத்தப்பா, வருசா வருசம் இவரு ஊட்ல ஒரு கல்யாணம் வெச்சா நல்லாருக்குமப்பா" என்றார். பெரிய நாடுகள் எல்லைப் பேச்சுவார்த்தை நடத்துமிடத்தில் என்ன சமைக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதுவதில்லை. குறை அங்கேகூட இருக்கலாம்.

ஆகவே அழைப்பிதழில் அச்சிட்ட நாளில், அச்சிட்ட நேரத்தில், என் வீட்டு வாசலிலேயே முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளும், சம்பந்தியம்மாவுக்கு மருதாளின் விசாரிப்பும். அந்தப் பக்கத்து உறவினர் எல்லோருக்கும் அவரவர் வயதுக்கேற்ப வணக்கமும் வாழ்த்தும்.

இப்படிக்குத் தங்கள்
தங்கவேலு,
ஊஞ்சப்பாளையம் (தற்போதைக்கு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது கிடைத்த செய்தி. பாளையத்து நோம்பியும் தேர்தலால் தள்ளிப்போயிருந்ததாம். இடைக்காடு கைக்கு வந்த சந்தோஷத்தில் நேற்று ஊர் கூடி அங்கேயும் கம்பம் நட்டுவிட்டார்கள். எனவே மேலே எழுதியவற்றில் நாளையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். முகூர்த்தம் உங்கள் தோப்பில். இரண்டு ஊராரும் ஒரே லாரியில் வருகிறார்கள். இருட்டும் முன் எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும். பெண் மட்டும் திரும்ப வேண்டியதில்லை, தாலி ஏறியதும் அவள் உங்கள் ஊர்க்காரி என்று ஆத்தப்பனும் வெள்ளையனும் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் எல்லைத் தீர்ப்பு இது. தாளிப்பு தாராளமாக இருக்கட்டும். தோப்பு எந்தக் கிராமத்துக் கணக்கில் வருகிறது என்று மட்டும், கல்யாணம் முடியும்வரை, தயவுசெய்து யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.