'அப்புறம் வாங்க' சாரின் மெயில் சர்வர்

செல்வி, குமரா, உங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே நம் கடை மாடியைக் காலி செய்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். காவிரியின் இரண்டு கரையிலும் தேடினாலும், வீட்டுக்கு வந்த அத்தனை பேரையும் ஒருமுறை திருப்பி அனுப்பிய மனிதர் அவர் ஒருத்தர்தான். பாலக்கரையில் அவருக்குப் பெயரே 'அப்புறம் வாங்க'. சிலிண்டர் போடுகிறவர், வாடகை கேட்டு வரும் வீட்டு ஓனர், சொந்த அக்கா புருஷன், யார் தட்டினாலும் கதவை ஒரு சாண் திறந்து, "அப்புறம் வாங்க" என்று சொல்லிச் சாத்திவிடுவார். மறுபடி போனால் காபி, முறுக்கு, ஃபேனுக்கு நேராக நாற்காலி.

எல்லாம் அவருடைய மெயில் சர்வரால் வந்தது. நாமெல்லாம் மெயிலைப் பெரிய கம்பெனிகளிடம் ஓசியில் வைத்திருக்கிறோம். அவருக்கு அது ஆகாது.

"என் கடுதாசிய எவன் வீட்டு அலமாரியிலயோ வெச்சுட்டு, அவன்கிட்ட போய் சாவி கேட்டு நிக்கணுமாண்ணே?"

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, தன் மெயிலுக்கென்று மாடியறையில் தனியாக ஒரு தபால் ஆபீசே நடத்தினார். அதுதான் சர்வர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அடித்துக்கொண்டே இருப்பார். ஒரு கமா இடம் மாறினால் தபால் ஆபீஸ் படுத்துவிடும். கரண்ட் போனால் கீழே மோட்டாருக்குக் காயில் சுற்றும் நம் கடைக்குத்தான் ஓடி வருவார். "அண்ணே, பேட்டரி இருந்தா குடுங்க, மெயில் வர்ற நேரம்." வருவது என்னவோ கரண்ட் பில்தான்.

அவர் அனுப்பும் மெயில் இன்னும் விசேஷம். யாரோ புது ஆள் என்று பெரிய கம்பெனிகள் அதை நேராக ஸ்பேம் குப்பையில் போட்டுவிடும். அதனால் மெயில் அனுப்பிய கையோடு போனும் போடுவார். "சார், குப்பையில பாருங்க. இல்லீங்களா? சரி, நானே படிக்கிறேன், கேட்டுக்கங்க."

ஒருநாள், "ஏன் சார் வர்றவங்கள விரட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"விரட்டலைண்ணே. தெரியாத இடத்துலேர்ந்து மெயில் வந்தா, என் சர்வர் முதல் தடவ 'அப்புறம் வா'ன்னுடும். ஏமாத்துறவன் அடுத்த வீட்டுக்குப் போயிடுவான். நெசமா வேலை இருக்கறவன் திரும்பி வருவான், அவன் மெயிலும் கொஞ்ச நேரத்துல தானாவே மறுபடி வரும். மனுஷனுக்கும் அதே செட்டிங்தான்."

அந்த செட்டிங்கில் அவர் கல்யாணமே மாட்டிக்கொண்டது. வயது நாற்பதை நெருங்கிவிட்டது. வந்த வரன் எல்லாம் தட்டிப்போய், கடைசியில் திருவானைக்காவலில் ஒரு டீச்சர் அமைந்தார். "இதுவும் போச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே வேணாண்ணே" என்று நம் ஆள் என்னிடம் சொல்லியிருந்தார். பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று அஷ்டமி என்று தெரிந்ததும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். ஜாதகத்தில் நம் ஆள் போன் நம்பரா எழுதியிருந்தார்? மெயில் விலாசம்தான். டீச்சரும் பஸ் ஏறும்போது 'இன்னிக்கே வர்றோம்' என்று ஒரு மெயில் போட்டிருக்கிறார்.

ஐந்து பேர் மாடி ஏறுவதைக் கடையிலிருந்து பார்த்தேன். ஏறின வேகத்தில் ஐந்து பேரும் இறங்கினார்கள்.

"லுங்கியோட நின்னுக்கிட்டு 'அப்புறம் வாங்க'ங்குறான். நடங்க எல்லாரும்" என்றார் பெண்ணின் அப்பா.

பாதி சுற்றிய செம்புக் கம்பியோடு போய் மறித்து, சர்வர் கதை முழுவதையும் சொன்னேன்.

"நீங்க யாரு, புரோக்கரா?" என்றார் அவர்.

டீச்சர் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான் போட்ட மெயிலும் வாசல்லதான் நிக்குதா?" என்று கேட்டார்.

"அப்படித்தாம்மா இருக்கும்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு தடவ ஏறிப் பாத்துடுவோம்ப்பா. மறுபடியும் சாத்துனா, நேரா பஸ் ஸ்டாப்புதான்."

நானும் கூடவே ஏறினேன். இரண்டாம் முறை தட்டியதும் கதவு விரியத் திறந்தது. "வாங்க, வாங்க, உக்காருங்க." அதே நேரம் உள்ளே கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. குனிந்து படித்தவர், டீச்சரைப் பார்த்தார், தன் லுங்கியைப் பார்த்தார்.

"உங்க மெயிலும் ரெண்டாவது தடவ வந்துருச்சுங்க" என்றார்.

"இனிமேயும் வாசல்ல நிறுத்துமா?" என்றார் டீச்சர்.

"நிறுத்தாதுங்க. தெரிஞ்சவங்க லிஸ்ட்ல சேத்துடுறேன்."

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்குக் குடி போனார்கள். கட்டில் பீரோவெல்லாம் டெம்போவின் பின்னால் கிடக்க, சர்வரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து போனார்.

மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லை. மாடி ஏறி, பூட்டியிருந்த கதவைத் தட்டினேன். இறங்கி வந்து ஒரு காயிலைச் சுற்றி முடித்தேன். பிறகு மறுபடியும் ஏறிப் போய்த் தட்டினேன்.