பெயரில்லாமல் வந்த பாட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. முதுகு சில்லிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டுமில்லையா?

ஒருத்தர் இருந்தார். எல்லாரும் பீட்டுக்காரர் என்பார்கள். வீட்டுப் பின்னறையில் தனியாளாக ஒரு மியூசிக் லேபிள் நடத்தினார். தந்தி வாத்தியம் கிடையாது, தோல் வாத்தியம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் போடுகிற பாட்டு. பாட்டை வெளியிடுவதோடு, அதை ஊரெல்லாம் கொண்டுசேர்க்கிற கருவிகளும் கலைஞர்களுக்குக் கொடுப்பார். ரசிகர்களுக்குத் தானே போகிற கடிதம், எந்தப் பாட்டு எங்கேயிருந்து வருகிறது, யார் எங்கே கேட்கிறார் என்று புள்ளி வைத்துக் காட்டுகிற வரைபடம், இப்படி.

அவர் மனைவியும் பாட்டு செய்வாள். அதுதான் தலைவலி. நன்றாயில்லை என்றால் வீடு தாங்காது. நன்றாயிருக்கு என்றால் பின்னறையில் பாதி போய்விடும். மனுஷர் மகா திட்டம் ஒன்று போட்டார். அவள் பெயரில் எது வந்தாலும், ‘கேட்டு மகிழ்ந்தோம், இப்போதைக்கு இடமில்லை’ என்று கருவியே பதில் போட்டுவிடும். ஏழு பாட்டு அனுப்பினாள். ஏழு முறையும் கருவி மகிழ்ந்தது. இவர் தூங்கினார்.

வந்தது சோதனை. லேபிளில் மிஞ்சியிருந்த ஒரே நட்சத்திரம் பெரிய இடத்துக்குத் தாவிவிட்டது. வெள்ளிக்கிழமை புதுப்பாட்டு என்று மூவாயிரம் பேருக்குக் கடிதம் போயாச்சு. பாட்டு இல்லையென்றால் அத்தனை பேரும் கலைவார்கள், கடையை மூட வேண்டியதுதான். அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்தது, பெயரே இல்லாமல் ஒரு பாட்டு.

ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினார். முதலில் தண்ணீர் சொட்டியது. ஒரு கதவு முனகியது. ஒரு ஜோடி செருப்பு இழுத்து இழுத்து நடந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மூச்சு. பாழுங்கிணற்றில் ஏதோ அவசரமில்லாமல் காத்திருக்கிற மாதிரி. எங்கேயோ கேட்ட சத்தம்! மயிர்க்கூச்செறிந்து மாட்டியதைக் கழற்றினார். சமையலறைக் குழாய் அதே தாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

வரைபடத்தைத் திறந்தார். புள்ளி அவர் தெருவில் நின்றது. பெரிதாக்கினார். அவர் கூரைமேல் நின்றது. அதற்குமேல் பெரிதாக்கக் கை வரவில்லை. பாட்டோடு ஓர் ஒப்பந்தமும் வந்திருந்தது. அதன் தலையில் ஒரு வரி: ‘பதினோரு வருஷமாக இந்த வீட்டில்தான் இருக்கிறேன்.’

சமையலறைக்கு ஓடினார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, நம்ம வீட்ல வேற யாராவது இருக்காங்களா?”

“நீங்களும் நானுந்தான்.”

“பதினோரு வருஷமா இருக்கேன்னு எழுதியிருக்கு!”

“பாவம். அத்தன வருஷமா யாரும் கண்டுக்கலயா?”

“பாட்டுல ஒரு மூச்சு வருது. பூமிக்கடியிலேருந்து வர்ற மாதிரி.”

“மத்தியானத்துல வருமே, அதுவா?”

“உனக்கும் கேட்டிருக்கா!”

“தெனமும். நீங்க சாப்பிட்டுப் படுத்த கையோட ஆரம்பிச்சிடும்.”

அவர் அவளை ஒட்டி நின்றுகொண்டார்.

“பயமா இல்லயா உனக்கு?”

“மொத வருஷம் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. அது என்னதான் கேக்குதாம்?”

“பின்னறையக் கேக்குது. பத்து மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும். பேரு கேக்கக் கூடாதாம். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு மேசையில வச்சா, பாட்டு நமக்காம்.”

“பாட்டு எப்படிங்க?”

“அதான் கொடுமை. நம்ம லேபிள்ல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல.”

கத்தி ஒரு கணம் நின்றது.

“நெஜமாவா?”

“சத்தியமா.”

“அப்ப குடுத்துடுங்க. கூடவே குடியிருக்குறதப் பகைச்சுக்கக் கூடாதுங்க.”

ஒப்பந்தத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதைப் பின்னறை மேசையில் வைத்தார். கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்தார். பட்டப்பகல். வீட்டில் ஈ பறந்தால் கேட்கும். திறந்து வைத்துவிட்டு வந்த பின்னறைக் கதவு, பாட்டில் முனகிய அதே முனகலோடு தானாக மூடியது.

எத்தனை நேரம் பொறுப்பார்? கண்ணை இறுக மூடிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

அவர் நாற்காலியில் மனைவி. அவர் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தை நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடிவயிற்றிலிருந்து கிளம்பியது பாருங்க ஓர் அலறல்! கூரை வரைக்கும் போயிற்று.

அவள் அதட்டவில்லை. தன் பதிவுக்கருவியின் மைக்கை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். அலறல் கடைசிச் சொட்டு வரை வடிந்து தீருமட்டும் பிடித்திருந்தாள். பிறகு பதிவை நிறுத்திவிட்டு, அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.