பன்மையாரின் சிவப்புப் பேனா

ஆங்கிலத்துக்குள் குடியேறிவிட்ட லத்தீன் சொற்களுக்குக் காவல் நிற்பதற்கென்றே உலகத்தில் ஓர் இனம் இருக்கிறது. அவர்களுக்கு லத்தீன் தெரியுமா என்று கேட்டுவிடாதீர்கள். தெரியாது. பன்மை மட்டும் தெரியும்.

கட்டட வரைபட அலுவலகம் ஒன்றை நடத்திவரும் நம் ஆளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பன்மையார். "ரெண்டு சிலபஸஸ்ப்பா, எப்படிப் படிப்பேன்?" என்று மகள் அழுதுகொண்டு வந்தால், கண்ணீரைத் துடைப்பதற்கு முன்னால் "சிலபை" என்று திருத்துவார். "டேட்டா தீர்ந்துபோச்சுங்க" என்பாள் மனைவி. "தீர்ந்துபோயின" என்பார் இவர். வைரஸுக்கு லத்தீனில் பன்மையே கிடையாது என்று தெரியவந்த அன்று மனுஷர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அலுவலகத்தில் இதையே வசதியாக்கிக்கொண்டார்கள். எந்த வரைபடம் ஒப்புதலுக்குப் போனாலும் முதல் பக்கத்திலேயே தப்பான பன்மை ஒன்றை வேண்டுமென்றே போட்டுவைப்பார்கள். அதைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். சிவப்புப் பேனாவை எடுத்து, அடித்து, திருத்தி, திருத்தியதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு, அந்தத் திருப்தியிலேயே மீதிப் பக்கங்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். வேலை மளமளவென்று நடந்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

அப்போதுதான் நகராட்சியிலிருந்து இரண்டு விளையாட்டு அரங்கங்களுக்கு வரைபடம் கேட்டார்கள். அந்த வருஷம் வந்த வேலைகளே குறைவு; இந்த வேலையும் கைநழுவினால் அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். வரைபடம் போடும் பெண் அவசர அவசரமாகப் போட்டு முடித்து, முகப்பில் கொட்டை எழுத்தில் 'ஸ்டேடியம்ஸ்' என்று எழுதி அனுப்பினாள். அவர் 'ஸ்டேடியா' என்று திருத்தி, வட்டம் போட்டு, கையெழுத்திட்டார்.

மறுநாள் நகராட்சிப் பொறியாளர் அம்மாள் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு சார். டாய்லெட் எங்க?"

பன்மையார் முன்னாலிருந்து பின்னால் புரட்டினார். பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். எங்கேயும் இல்லை. அவர் பார்த்துக்கொள்வார் என்று வரைபடம் போட்ட பெண் விட்டிருந்தாள். அவள் போட்டிருப்பாள் என்று அவர் விட்டிருந்தார்.

"ரெண்டு ஸ்டேடியம்ஸ், ஆயிரக்கணக்கான ஜனங்க. இடைவேளையில எல்லாரும் எங்க போவாங்க?"

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அலுவலகம் போகப்போகிறது, ஊழியர்களின் பிழைப்பு போகப்போகிறது, மானம் ஏற்கெனவே போய்விட்டது. பாவம், அந்த நேரத்திலும் அவர் நாக்கு சும்மா இருக்கவில்லை. "ஸ்டே..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"என்ன சொல்றார்?"

"நாளைக்கே போட்டுக் கொடுத்துடறோம்னு சொல்றார் மேடம்."

பொறியாளர் சிரித்துவிட்டார். ஒரு நாள் அவகாசமும் கொடுத்தார். வேலை பிழைத்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் மனசாட்சியோடு சொல்லுங்கள்: கழிப்பறை இல்லை என்று படித்தபோது அந்த ஆயிரக்கணக்கான ஜனங்களை நினைத்துப் பதறினீர்களா, இல்லை 'ஸ்டேடியம்ஸ் என்றாலும் சரிதானே' என்று முணுமுணுத்துக்கொண்டு அகராதியைத் தேடினீர்களா? தேடியிருந்தால் ஓர் உபகாரம் செய்யுங்கள். யார் வீட்டு வரைபடத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.