சூடு சொரணை இல்லாத கார்

எங்கள் காருக்குச் சூடு சொரணை கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஹீட்டரைத் திருகினால் விசிறி ஊரைக் கூட்டும். வருவதென்னவோ ஃபிரிட்ஜைத் திறந்தால் வரும் காற்று. குளிர்காலம் முழுக்கக் கையுறை, கம்பளிக் குல்லாய் சகிதம் கொள்ளைக்காரர்கள் மாதிரிதான் காருக்குள் உட்கார்ந்திருப்போம்.

என் வரைக்கும் பரவாயில்லை. ஆனால் இந்தக் குளிரில் மாமனாருக்கு நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குளிர் படவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை மறுபடி போய்க் காட்ட வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரர் கார்ல அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடலாங்க. அவர் ஹீட்டர் அடுப்பு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அந்த அடுப்பு என் வயிற்றில் எரிந்தது.

"என் மாமனார் என் கார்லதான் வருவார். ஹீட்டரை நானே சரி பண்றேன்!"

"நீங்களா?"

ஒரே வார்த்தைதான். நான் இதுவரை ரிப்பேர் செய்து வழியனுப்பிவைத்த மிக்ஸி, அழைப்பு மணி, குளியலறைக் குழாய் அத்தனையின் ஆவிகளும் அதற்குள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். விஷயம் சுலபம். எஞ்சினில் சூடாகிற கூலன்ட் தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஹீட்டருக்குப் போக வேண்டும். அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குழாய் வழியாக பம்ப்புக்குத் திரும்ப வேண்டும். இரண்டு குழாய்க்கும் நடுவே பழைய ஓனர் யாரோ மூன்று வாய் இணைப்புகளை வைத்துக் குறுக்குவழி போட்டிருந்தார். குழாய்க்காரர்கள் அதை 'டீ' என்பார்கள். வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் கோபித்துக்கொண்டு திரும்புகிற சம்பந்தி மாதிரி, வெந்நீர் அந்த டீயோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் காரணம் இந்த டீதான்!" என்று கத்தினேன்.

ஜன்னல் படீரென்று திறந்தது. "யாரை டீங்கறீங்க?"

"ஐயோ, உன்னை இல்லம்மா! குழாய்ல இருக்கிற டீ!"

"குழாய்ல ஏதுங்க டீ? ஃபிளாஸ்க்ல இருக்கு. வேணும்னா வந்து குடிங்க."

கழற்றுவதில் எனக்கு நிகர் கிடையாது. மாட்டும்போதுதான் கொஞ்சம் தத்துவச் சிக்கல் வந்தது. எஞ்சின் பக்கம் ஒரு வாய் திறந்து கிடந்தது. கசிந்து தொலைக்கப் போகிறதே என்று அதற்கு ரப்பர் மூடி போட்டு இறுக்கினேன். ஹீட்டரின் இரண்டு குழாய்களையும் ஒரு டீயில் சேர்த்து பம்ப் பக்கமே மாட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தது.

வண்டியைக் கிளப்பினேன். முன்பு வந்த குளிர்காற்றிலாவது கொஞ்சம் கலப்படம் இருந்தது. இது அசல் ஐஸ்.

மனைவி வந்து கையை நீட்டிப் பார்த்தாள். "என்னங்க, சில்லுன்னு வருது?"

"புதுசா மாட்டினது. பழகக் கொஞ்சம் நேரமாகும்."

"ஓ, புது மாப்பிள்ளை முறுக்கா?" என்று எஞ்சினை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, போய்க் குளிங்க. மூஞ்சியெல்லாம் கரி."

குளித்தேன். சாப்பிட்டேன். இந்தக் கவலையில் எங்கே தூக்கம் வரப்போகிறது என்று படுத்தவன், சாயங்காலம்தான் எழுந்தேன். வாசலில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்றது.

"ஏன் மேட்ல நிக்குது?"

"தரையைக் கழுவினேங்க."

லீவு நாளிலும் என்ன சுறுசுறுப்பு என்று மெச்சிக்கொண்டேன். பல மாதமாக என்னைச் சுத்தம் பண்ணச் சொல்லி அவள் கெஞ்சும் பரண் மட்டும் எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

திங்கட்கிழமை, பக்கத்து வீட்டுக்காரரிடம் சரணடைந்து அவர் காரைக் கேட்டுவிட்டு, கடைசியாக ஒருமுறை வண்டியைக் கிளப்பினேன். கொஞ்ச நேரத்தில் குப்பென்று சூடு! என் மூக்குக்கண்ணாடி மூடுபனியாகிவிட்டது. சாவியோடு தயாராக வந்து நின்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கையை உள்ளே விட்டுப் பாருங்க சார்!" என்று சொல்லி, திரை விலக்குகிற தோரணையில் பானெட்டைத் தூக்கினேன்.

என் ரப்பர் மூடியைக் காணோம். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகிற குழாயில் வெள்ளைப் பிளாஸ்திரி, அதன்மேல் சிவப்புக் கோடு. பம்ப்புக்குத் திரும்புகிற குழாயில் நீலக் கோடு.

என் மனைவி டயாலிசிஸ் நர்ஸ். ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து, சுத்தம் செய்து, மறு குழாயில் திருப்பி அனுப்புவது அவள் அன்றாட வேலை. எடுப்பது சிவப்பு, திரும்புவது நீலம். நடுவில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் விடமாட்டாள். வண்டியை மேட்டில் ஏற்றியது தரை கழுவ இல்லை, தண்ணீரில் சிக்கிய காற்றை வெளியேற்ற!

"அடேயப்பா, கலர்லாம் போட்டிருக்கீங்க! எது எதுக்கு சார்?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி. "சூடா போறது சிவப்பு, திரும்பறது நீலம்னு நேத்து எனக்கே விளக்கினீங்களே."

அந்த இடத்திலேயே அவள் என் மானத்தையும் கழற்றிப் பழைய டீயோடு குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. கும்பிடலாம் போலிருந்தது.

வழியெல்லாம் புல்மேல் வெள்ளையாக உறைபனி. பின் சீட்டில் மாமனார் முதலில் குல்லாயைக் கழற்றினார். பிறகு மப்ளரை. முகத்தில் ரத்தம் ஊறிக்கொண்டு வந்தது. ஒருமுறைகூட இருமவில்லை.

"மாப்பிள்ளை, பெத்த பிள்ளைகூட இப்படிப் பண்ணமாட்டான். உங்க கை தங்கக் கை!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷர் சுகமாக மூச்சு விடுகிறார், அது போதும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் சக்கர நாற்காலி எடுத்துவர இறங்கினாள். என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, ஹீட்டரைச் சரி பண்ணது நான் இல்ல. உங்க பொண்ணு."

"தெரியும் மாப்பிள்ளை. ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்போ தங்கக் கைன்னு சொன்னது?"

"அவதான் சொல்லச் சொன்னா" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க பரணைச் சுத்தம் பண்ற அளவுக்கு இது போதுமா, இல்ல திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் புகழணுமா?"