பீரோ பாயின் சாவி

துணி வைக்கிற பீரோவில் ஆட்டுத்தொடையைத் தொங்கவிட்டுப் பூட்டுப் போட்ட மனிதர், நானறிந்த வரை, இந்த மலையிலேயே பீரோ பாய் ஒருவர்தான்.

கொடைக்கானல் பஜாரில் விருந்துச் சமையல் ஆர்டர் எடுப்பவர். பழைய இரும்புப் பீரோவின் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கொக்கிகள் மாட்டியிருந்தார். அடியில் கங்கு, உச்சியில் தகரக் குழாய். கறி மணிக்கணக்கில் புகையிலேயே வேகும். வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒருவர், "இது ஸ்மோக்கர்தானே பாய்?" என்று கேட்க, "பீரோங்க. கண்ணாடிகூட இருக்கு, தலை சீவிக்கங்க" என்றாராம்.

எரிப்பது பள்ளங்கித் தோட்டங்களில் கவாத்து செய்து வெட்டிப்போட்ட பேரிக்காய் மரக் கிளைகளை. ஒருமுறை அது கிடைக்காமல் தைலமரத்தை எரித்துவிட்டார். அன்று கோழி தின்ற அத்தனை பேருக்கும் மூக்கடைப்பு விட்டது.

"கறியில தைலம் அடிக்குதே பாய்!"

"சளி போச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

ஆளாளுக்குக் கதவைத் திறந்து பார்த்தால் புகை போய்விடும் என்றுதான் பூட்டு. சாவி அவரிடம் மட்டுமே இருக்கும்.

என் மகளின் நிச்சயதார்த்தப் பகல் விருந்துக்கும் அவரையே அழைத்தேன். நான் போட்ட வரிசைப்படி எல்லாம் நடந்தது, கறியைத் தவிர. காலைச் சாரலில் விறகு நனைந்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா வாசலில் செருப்பை மாட்டிவிட்டார்.

"மேகம் எறங்கிட்டா மலைப்பாதையில வண்டி ஓட்ட முடியாது. கெளம்புறோங்க."

சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் போனால் இந்தச் சம்பந்தம் என்னாவது? வீட்டுப் புல்வெளியில் பீரோவை நிறுத்திப் புகை போட்டுக்கொண்டிருந்த பாயிடம் ஓடினேன்.

"வெரசாத் திறங்க பாய்!"

பாய் சட்டைப் பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். "சாவியக் காணோங்க. புல்லுக்குள்ள விழுந்து கெடக்கு போல."

"பூட்டை உடைங்கய்யா!" என்றார் சித்தப்பா.

பாய் குறுக்கே நின்றார். "கதவு கோணிக்கிட்டா நாளைக்கு எனக்குச் சோலி ஏதுங்க? எல்லாரும் தேடுங்க."

தேடினோம். பட்டு வேட்டிகள் புல்வெளியில் தவழ்ந்தன. காலையிலிருந்து "வாங்க, இருங்க" தவிர ஒரு வார்த்தை பேசாத என் மனைவியும் சம்பந்தியம்மாவும் ஒரே செடிக்கடியில் குனிந்தபடி தத்தம் கணவர்களைத் திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு என் மைத்துனரோடு மண்டியிட்டுத் துழாவினார். யாருக்கும் மேகம் நினைவில்லை.

குழாய்ப் புகை மெலிந்ததும் பாய் தன் குரங்குக் குல்லாயின் மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். "அட, இங்கயா இருந்துச்சு!"

கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றது. சித்தப்பா மூன்று முறை கேட்டு வாங்கினார்.

கை கழுவும் இடத்தில் பாயைப் பிடித்தேன். "தொலையவே இல்லைதானே?"

"வேகாததத் திறந்து வச்சா உங்க மானம் போகும், என் மானமும் போகுங்க."

போன மாதம் பேரனுக்குப் பெயர் வைத்தோம். விருந்தாளிகள் ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் சட்டைப் பையைத் தடவத் தொடங்கினார். குல்லாய் மடிப்பில் சாவி புடைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

முதல் ஆளாகப் புல்லில் குனிந்து தேட ஆரம்பித்தேன்.