லத்தீன் அக்கா வெள்ளை உடுத்திய நாள்

லத்தீன் மொழியால் பாத்திரம் தேய்த்த ஒரே தமிழச்சி, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே எங்கள் லத்தீன் அக்காதான். பந்தயம் கட்டியே சொல்வேன்.

தம்போய் வட்டாரத்தில் அக்கா, மல்லிகா, நான் மூவரும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அக்கா கிளினிக்கில் தாதி. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவருக்கு வேலை தரத் தயாராக இருந்தது. ஆங்கிலத் தேர்வில் மட்டும் தேற வேண்டும். ஆனால் அக்காவுக்கு ஒரு சொல்லின் அர்த்தம் தெரிந்தால் போதாது. அது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று பூர்வீகம் விசாரித்தாக வேண்டும். பெண் பார்க்கப் போகும் மாமியார்கூட இவ்வளவு குடைய மாட்டார்.

"துணி மடிக்கலையாக்கா?" என்று மல்லிகா கேட்டால், "புரொக்ராஸ்டினேட் பண்றேன். லத்தீன்ல 'நாளைக்கு'ங்கிற சொல்லுலேருந்து வந்தது" என்பார். துணி அப்படியே கிடக்கும். நான் குத்தலாக ஏதாவது சொன்னால், "இதுக்குப் பேரு சர்காசம். கிரேக்கத்துல சதையைப் பிய்க்கிறதுன்னு அர்த்தம். பிய்ச்சிட்டல்ல? போய்த் தூங்கு" என்பார்.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தோள் வலியென்று கிளினிக்குக்கு வந்த பொந்தியான் ஊர்ப் பெரியவரிடம், "மஸல் பிடிச்சிருக்கு அங்கிள். லத்தீன்ல அதுக்குச் சுண்டெலின்னு அர்த்தம். அசைச்சுப் பாருங்க, உள்ள ஓடும்" என்றிருக்கிறார்.

"அலமாக்! எலியா? எடுத்துருங்க சிஸ்டர்!" என்று அவர் போட்ட கூச்சலில் டாக்டரே எழுந்து வந்துவிட்டார்.

முதல்முறை பேச்சுத் தேர்வில் அக்கா கோட்டை விட்டார். அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். 'நெய்பர்' என்றால் பழைய ஆங்கிலத்தில் பக்கத்து விவசாயி என்று தொடங்கியவர், பக்கத்து வீட்டுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

இன்னொரு முறை தோற்றால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். மல்லிகா சட்டம் போட்டாள்: "இனிமே பூர்வீகம் பேசுனா அன்னிக்குப் பாத்திரம் பூரா நீங்கதான் கழுவணும்லா!" அதன்பிறகு எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளத்ததைப் பார்க்க வேண்டுமே!

தேர்வன்று காலை அக்கா தாதிச் சீருடையில் அல்ல, தலைமுதல் கால்வரை வெள்ளைப் புடவையில் வெளியே வந்தார். பக்கத்து வீட்டு ஆண்ட்டி பதறிப்போனார்.

"ஐயோ, யாரும்மா தவறிட்டாங்க? எப்ப எடுக்குறாங்க?"

"யாரும் தவறல ஆண்ட்டி. நான் பரீட்சைக்குப் போற கேண்டிடேட். ரோமாபுரியில பதவிக்கு நிக்கிறவங்க வெள்ளைதான் உடுத்துவாங்க. அந்தச் சொல்லே அதுலேருந்து வந்ததுதான்."

"கார்ல ஏறுங்கக்கா!" என்று தள்ளிக்கொண்டு போனோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று வழிநெடுக மந்திரம்போல் ஓதினேன்.

தேறிவிட்டார். மல்லிகாவும் நானும் வீடே அதிர ஆடினோம். விமான நிலையத்தில்தான் எங்களுக்கு உறைத்தது, விரட்டி விரட்டிப் படிக்கவைத்து அவரை ஊரைவிட்டு அனுப்புவதே நாங்கள்தான் என்று. மூவரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

இப்போது தொலைதூரக் குளிர்தேசத்திலிருந்து அழைப்பார். போன வாரம் பேசும்போது கேட்டார்:

"நோஸ்டால்ஜியான்னா என்னன்னு தெரியுமாடி? கிரேக்கத்துல வீடு திரும்புறதுக்கு ஒரு சொல்லு, வலிக்கு ஒரு சொல்லு. ரெண்டையும் ஒட்டவச்சு ஒரு டாக்டரு நோய்க்கு வச்ச பேருடி அது."

மல்லிகா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வச்சிராதீங்கக்கா. இன்னொரு சொல்லு சொல்லுங்க."