மாடியறைக்கு இரண்டு சாட்சி

மாடியறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று செயலாளர் முடிவுகட்டியது ஒரு மத்தியானம், அதே மாடியறையில், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தபோது. அவருடைய பெரிய முடிவுகள் எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவைதான்.

அறையைக் கேட்டது அவருடைய மனைவி. அவள் ஊருக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷின் சமையலறையில், அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தது. போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் புது உடுப்பில் எண்ணெய் தெறித்துவிட்டது. எத்தனை அலசியும் கறை போகவில்லை. பெண்ணின் அம்மா திட்டக்கூட இல்லை, துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று இவள் குழாயடியில் நின்று அழுதாள். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"எனக்கு இந்த ரூம் வேணுங்க. நீங்க இங்க தூங்கத்தானே செய்றீங்க?"

"யார் தூங்கறது? ஆராய்ச்சி பண்றேன்."

"குறட்டை கீழ வரைக்கும் கேக்குது."

"ஆழமா ஆராய்ச்சி பண்ணும்போது மூச்சு கொஞ்சம் சத்தமாத்தான் வரும்."

அவள் இறங்கிப் போனாள். அவள் சண்டை போட்டால் செயலாளர் சமாளித்துவிடுவார். இப்படி இறங்கிப் போனால்தான் அவருக்குப் பயம்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மாடியறைக்கு மேற்குப் பார்த்த ஜன்னல். பழைய கண்ணாடி, அங்கங்கே நெளிந்திருக்கும். மத்தியான வெயில் அதன் வழியாக வந்து தரையில் தண்ணீர் மாதிரி ஆடும். திரைச்சீலை மெல்லப் புடைத்து மெல்ல அடங்கும். கண்ணை மூடினால் போதும், பழைய ஊர் வந்துவிடும். பாலம் கட்டாத ஆற்றில் படகுகள் போகும். குதிரை வண்டிகள் சத்தமே இல்லாமல் தெருவில் திரும்பும். தொப்பி போட்ட ஒருவர் நின்று இவரைப் பார்த்து, சௌக்கியமா என்று விசாரிப்பார். சௌக்கியம் என்று இவரும் சொல்லிவிட்டு மேலே நடப்பார். விழித்ததும் கண்டதை மறப்பதற்குள் ஊர் வரலாற்றுச் சங்கத்தில் போய்ச் சொல்லிவிடுவார்.

அந்தச் சங்கத்துக்குத்தான் அவர் செயலாளர். ஒரு மாதம் சொற்பொழிவு, மறு மாதம் எங்காவது நேரில் போய்ப் பார்வையிடுவது என்று வருஷம் முழுக்க நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். மூடிய ஐஸ் ஃபாக்டரி, துருப்பிடித்த நீரேற்று நிலையம், கூரையில்லாத சினிமாக் கொட்டகை என்று போய் நிற்பார்கள். செயலாளர் பேச ஆரம்பித்தால் ஐஸ் ஃபாக்டரியில் குளிரும். சினிமாக் கொட்டகையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கும். வந்தவர்கள் வீட்டுக்குப் போக மறந்து நிற்பார்கள்.

இவ்வளவுக்கும் ஆதாரம் ஏது என்று கேட்டால், இல்லை. நகராட்சியின் பழைய காகிதங்களை எல்லாம் சங்கம் தொடங்குவதற்கு முன்பே கரையான் படித்து முடித்துவிட்டது. அதனால் சங்கத்தில் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஒரு விஷயம் ஒருவருக்கு மட்டும் ஞாபகம் இருந்தால் அது பேச்சு. இரண்டு பேருக்கு ஞாபகம் இருந்தால் அது வரலாறு. பெரியவர்கள் சொல்லிக் கேட்டதும் ஞாபகத்தில் சேர்த்தி. வரலாறு ஆகிவிட்டால் அந்த இடத்தில் பலகை மாட்டுவார்கள். அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருந்தபடியேதான் இடமும் இருக்க வேண்டும்.

செயலாளருக்கு இரண்டாம் சாட்சிக்குப் பஞ்சமே வந்ததில்லை. பணி ஓய்வு பெற்ற பல் டாக்டர் எப்போதும் முன்வரிசையில் உட்காருவார், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். தூக்கத்தில் தலை முன்னால் விழும், எழும், மறுபடி விழும். தலைவியாக இருந்த நூலகத்தம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். "டாக்டருக்கும் ஞாபகம் இருக்கு" என்று அறிவித்துவிடுவார். ஊர் வரலாற்றில் பாதி அந்தத் தலையாட்டலில் நிற்கிறது.

ஆகவே செயலாளர் திட்டம் போட்டார். அடுத்த மாதப் பார்வையிடல் தன் வீட்டு மாடியறை. மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவந்த முதல் ஆள் அந்த அறையில்தான் தினமும் மத்தியானம் தூங்கினார் என்று சொல்வார். டாக்டர் தலையாட்டுவார். பலகை ஏறும். மத்தியானத் தூக்கம் ஊர்ச் சொத்தாகிவிடும். மிஷின் மாடிப்படியில் கால் வைக்க முடியாது.

திட்டத்தின் அழகை அவரால் உள்ளேயே வைத்திருக்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் மனைவியிடமே முழுக்கதையையும் ஒப்பித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்பங்க நடந்துது?" என்று அவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்.

"இப்பத்தான். மாடியில, அரைமணி நேரத்துக்கு முன்னாடி."

அவள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, வருகிறவர்களுக்கு டீ போட வேண்டுமே, எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். தோற்றுப்போனவளுக்குத்தான் இத்தனை அடக்கம் வரும் என்று செயலாளர் நினைத்தார். பாவமாகக்கூட இருந்தது.

பார்வையிடும் நாளும் வந்தது. சங்கம் மொத்தமும் மாடியறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. வெயில் தரையில் ஆடியது. செயலாளர் அன்று பேசியது மாதிரி என்றும் பேசியதில்லை. சாவிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சாய்ந்தார். அவர் கண்ணை மூட, தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. நாய்கள் நிழலுக்குப் போயின. அவர் மூச்சு விடுகிற தாளத்தில்தான் ஊரே மூச்சுவிட்டது. டாக்டரின் தலை முன்வரிசையில் விழுந்து எழுந்தது. நூலகத்தம்மா அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்தில் டாக்டர் விழித்துக்கொண்டு டீயைக் கையில் எடுத்தார்.

பார்வையிடப் போன வீட்டில் வீட்டம்மாவையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்வது சங்கத்தின் மரியாதை. டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

"இவர் சொன்னது அத்தனையும் நிஜம். எங்க பெரியவங்க சொல்லி எனக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு நாள் அந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்ல. மணிக்கூண்டு நின்னுபோச்சு. ஊருக்கே மத்தியானம் முடியல. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணி அடிக்கும் அடிக்கும்னு உக்காந்திருந்தாங்க. வெயில் சுவத்துல வச்ச எடத்துலயே நின்னுது. பால் பொங்கி வந்து பாத்திரத்து விளிம்புல அப்படியே நின்னுது."

யாரும் அசையவில்லை. ஒருவர் டீயை உதட்டருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். செயலாளர் தம்மையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம் அவர் பெண்சாதி கீழயிருந்து தையல் மிஷினைத் தூக்கிட்டு வந்தாங்க. இதோ, இந்த ஜன்னலோரத்துல போட்டு மிதிச்சாங்க. டகடகன்னு அந்தச் சத்தம் தெருவெல்லாம் போச்சு. அதைக் கேட்டுத்தான் அவர் முழிச்சார். ஓடிப்போய்ச் சாவி கொடுத்தார். வெயில் நகர்ந்துது, பிள்ளைங்க வீட்டுக்கு ஓடினாங்க. அன்னையிலேருந்து மிஷின் இந்த ஜன்னலோரத்தை விட்டு நகரல. அவரும் மத்தியானத்துல படுக்கறதை விட்டுட்டார்."

செயலாளர் எல்லாவற்றையும் பார்த்தார். மணிக்கூண்டு முள் நடுங்கி நகர்வதைப் பார்த்தார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார். தொப்பிக்காரர் தெரு முனையில் நின்று, கடைசியில் சாயங்காலம் வந்துவிட்டது என்று சிரித்தார். எவ்வளவு நல்ல ஊர். அவர் தலை தானாக ஆடியது, ஆமாம், ஆமாம் என்று.

"செயலாளருக்கும் ஞாபகம் இருக்கு" என்றார் நூலகத்தம்மா.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் நாலு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கி, சமையலறையிலிருந்து மிஷினைத் தூக்கிவந்தார்கள். ஜன்னலோரத்தில் வைத்தார்கள். ஒருவர் அதற்கு எண்ணெய்கூடப் போட்டார். சாய்வு நாற்காலி படியிறங்கிப் போனது. பலகையில் என்ன எழுதுவது என்று ஒரு மூலையில் விவாதம் தொடங்கிவிட்டது. மனைவி மிஷின் முன்னால் உட்கார்ந்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். வெளிச்சம் ஊசி முனைவரை வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்ததைச் செயலாளர் பார்த்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தூக்கம் தூக்கம்தானே.

மானத்தை விட்டுவிடுவது என்று தீர்மானித்து அவர் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். சாவிக்காரரும் இல்ல, அவர் இங்க தூங்கவும் இல்ல. எல்லாத்தையும் நானே கட்டிவிட்டேன். இங்க நடந்தது ஒண்ணும் வரலாறு இல்ல."

நூலகத்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதை அவர் ஒருபோதும் மறந்தவர் இல்லை.

"நீங்க கட்டிவிட்டதா உங்களுக்கு ஞாபகம் இருக்கு, செயலாளர் சார். சரி. வேற யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

செயலாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கண்கள் அகலத் திறந்திருக்க, நிமிர்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தலை இம்மியும் அசையவில்லை. செயலாளர் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பி, மனைவியைப் பார்த்தார். சங்கமும் திரும்பிப் பார்த்தது.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தாள்.

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லீங்களே."